ஐந்து ஒலிம்பிக், ஒரே 1500 மீட்டர்: இரேன் வூஸ்டின் பதினாறு ஆண்டுகள்

முதலில் ஐந்து நேரங்களைப் பார்த்துவிடுவோம். 2006, டுரின்: 1 நிமிடம் 56.90 விநாடி. 2010, வான்கூவர்: 1 நிமிடம் 56.89 விநாடி. 2014, சோச்சி: 1 நிமிடம் 54.09 விநாடி. 2018, பியோங்சாங்: 1 நிமிடம் 54.35 விநாடி. 2022, பெய்ஜிங்: 1 நிமிடம் 53.28 விநாடி. ஐந்து குளிர்கால ஒலிம்பிக்குகளில், பெண்களுக்கான 1500 மீட்டர் ஸ்பீட் ஸ்கேட்டிங்கில், நெதர்லாந்தின் இரேன் வூஸ்ட் பதித்த நேரங்கள் இவை. கிடைத்தவை முறையே வெண்கலம், தங்கம், வெள்ளி, தங்கம், தங்கம். முதலாவது ஓடியபோது அவருக்கு வயது 19. கடைசியாக ஓடியபோது 35. ஐந்தில் மிக வேகமானது அந்த 35 வயதில் வந்தது.

வூஸ்டைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் பதக்க எண்ணிக்கையில் தொடங்கும். ஒலிம்பிக்கில் மொத்தம் 13 பதக்கங்கள். அவற்றில் 6 தங்கம், 5 வெள்ளி, 2 வெண்கலம். அவர் ஓய்வு பெற்றபோது உலகில் வேறு எந்த ஸ்பீட் ஸ்கேட்டரும், ஆணோ பெண்ணோ, இத்தனை ஒலிம்பிக் பதக்கங்கள் வென்றிருக்கவில்லை. மலைக்க வைக்கும் கணக்குதான். ஆனால் அது அவருடைய வாழ்வை ஒரே சீரான ஏறுமுகம் போலக் காட்டிவிடுகிறது. உண்மையில் ஒவ்வொரு வெற்றிக்கும் அடுத்த வெற்றிக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருந்தது. அந்தப் பள்ளங்களிலிருந்து அவர் எப்படி ஒவ்வொரு முறையும், சரியாக நான்காம் ஆண்டு பிப்ரவரியில், மேலேறி வந்தார் என்பதுதான் என்னை இந்த வாழ்க்கையிடம் திரும்பத் திரும்ப இழுக்கிறது. அதைப் புரிந்துகொள்ள 1500 மீட்டர் என்ற தூரத்தைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும்.

பந்தயம் நடப்பது 400 மீட்டர் சுற்றளவுள்ள நீள்வட்டப் பனித்தளத்தில். ஒரு நேரத்தில் இரண்டு பேர் மட்டுமே ஓடுவார்கள். ஒருவர் உள் தடத்தில், மற்றவர் வெளித் தடத்தில். உள் வளைவு குறுகியது, வெளி வளைவு நீண்டது; அதனால் ஒவ்வொரு சுற்றிலும் எதிர்ப்புற நேர்பகுதியில் இருவரும் தடம் மாற்றிக்கொள்ள வேண்டும். மாறும் இடத்தில் இருவரும் ஒன்றாக வந்துவிட்டால், வெளியிலிருந்து உள்ளே வருபவருக்கே வழியுரிமை. ஆனால் பக்கத்தில் ஓடுபவரை வெல்வதால் மட்டும் பதக்கம் கிடைத்துவிடாது. எல்லா ஜோடிகளும் ஓடி முடித்த பின், கடிகாரம் காட்டும் நேரத்தை வைத்தே இடம் முடிவாகும். உண்மையான எதிராளி இருபது நிமிடம் முன்பே ஓடிவிட்டு ஓரத்தில் உட்கார்ந்திருக்கலாம்.

1500 மீட்டர் என்பது முதலில் 300 மீட்டர், பிறகு முழுச் சுற்றுகள் மூன்று. 500 மீட்டரில் வெடித்துப் பாய்ந்துவிடலாம். 5000 மீட்டரில் மூச்சை எண்ணி ஓடலாம். 1500-இல் இரண்டுக்கும் இடமில்லை. இடுப்பை மடித்து, முழங்காலை ஆழமாக வளைத்து, முதுகைத் தரைக்கு இணையாக வைத்துக்கொண்டு ஓடும் அந்த நிலை காற்றைக் கிழிக்க உதவுகிறது. அதே நிலை தொடைத் தசைக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தை நெரிக்கவும் செய்கிறது. ஆக்சிஜன் போதாமல் தசைகள் எரியத் தொடங்கும். இரண்டாம் சுற்றின் முடிவிலேயே கால்கள் ஈயமாகிவிடும். இன்னும் ஒரு முழுச் சுற்று பாக்கி இருக்கும். அப்போது உடல் நிமிரத் துடிக்கும். நிமிர்ந்தால் காற்று தடுக்கும், வேகம் போய்விடும். கடைசி 400 மீட்டரில் யார் குறைவாக நிமிர்கிறார்களோ அவர்களுடையதுதான் 1500. வேகக்காரர்களும் தொலைதூரக்காரர்களும் சமபலத்தோடு மோதும் இடமும் இது ஒன்றுதான். அதனால்தான் இந்தத் தூரத்தில் ஐந்து முறை மேடையேறியதை நான் மற்ற பதக்கங்களைவிட உயர்த்தி வைக்கிறேன்.

வூஸ்ட் பிறந்தது 1986 ஏப்ரல் 1 அன்று, நெதர்லாந்தின் தெற்கே வடக்கு பிராபாண்ட் மாகாணத்தில் இருக்கும் கோர்லெ என்ற ஊரில். நெதர்லாந்தில் ஸ்கேட்டிங் என்றால் முதலில் நினைவுக்கு வருவது வடக்கே உள்ள ஃபிரீஸ்லாந்து. பதினொரு ஊர்களை உறைந்த கால்வாய்கள் வழியே இணைக்கும் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் எல்ஃப்ஸ்டேடன்டோக்ட் ஓட்டம் நடப்பது அங்கேதான். 1909-இல் தொடங்கிய அந்த ஓட்டம், பனி போதிய அளவு தடிமனாக உறையாததால், 1997-க்குப் பிறகு நடக்கவே இல்லை. நாட்டின் புகழ்பெற்ற தியால்ஃப் அரங்கமும் ஃபிரீஸ்லாந்தின் ஹேரன்வேன் நகரில்தான் இருக்கிறது. ஆரஞ்சு உடை அணிந்த கூட்டமும், கிளைன்ட்யே பில்ஸ் என்ற பித்தளை வாத்தியக் குழுவும் சேர்ந்து அந்த அரங்கத்தை ஒரு திருவிழாவாக்கிவிடும். வூஸ்ட் அந்த மண்ணைச் சேர்ந்தவர் இல்லை. தெற்கிலிருந்து போய் அந்த வடக்கத்திக் கூட்டத்தின் செல்லப்பிள்ளை ஆனவர்.

அவருக்கு முன்பே டச்சுப் பெண்களின் வரிசை ஒன்று உண்டு. 1968-இல் கிரெனோபிளில் 1000 மீட்டரை வென்ற காரி கைசன்தான் ஸ்பீட் ஸ்கேட்டிங்கில் நெதர்லாந்தின் முதல் ஒலிம்பிக் தங்கத்தைக் கொண்டுவந்தவர், ஆண்களுக்கும் முந்திக்கொண்டார். 1988-இல் கால்கரியில் இவோன் ஃபான் ஹெனிப் கிழக்கு ஜெர்மனியின் பெரும்படையை மீறி 1500, 3000, 5000 மூன்றையும் வென்றார். 1998-இல் நகானோவில் மரியான் டிம்மர் இரண்டு தங்கம் வென்றபோது காலில் இருந்தவை கிளாப் ஸ்கேட்டுகள். குதிகால் பகுதியில் தகட்டோடு ஒட்டாமல், முன்பாதத்தில் மட்டும் கீல் வைத்துப் பொருத்திய ஸ்கேட் அது. கால் உந்தும்போது குதிகால் மேலெழும். தகடு இன்னும் ஒரு கணம் பனியிலேயே இருந்து தள்ளும். ஆம்ஸ்டர்டாமின் விரியே பல்கலைக்கழகத்தில் கெரிட் யான் ஃபான் இங்கன் ஸ்கேனோவின் ஆய்வுகளிலிருந்து வந்த இந்தக் கருவியை, ஆண் வீரர்கள் தயங்கி நின்றபோது, 1996-97 பருவத்தில் துணிந்து மாட்டிக்கொண்டவர்கள் டச்சுப் பெண்கள். வூஸ்ட் சீனியர் அணிக்கு வந்த நாளில் உலகமே அதற்கு மாறியிருந்தது.

2005-இல் ஜூனியர் உலக சாம்பியன். அடுத்த ஆண்டே டுரின். 2006 பிப்ரவரி 12 அன்று 3000 மீட்டரை 4 நிமிடம் 02.43 விநாடியில் முடித்தார். வெள்ளி வென்ற சக நாட்டவர் ரெனாட்டெ குருனவோல்ட் ஒரு விநாடிக்கும் மேல் பின்னால் இருந்தார். 19 வயதில், நெதர்லாந்தின் குளிர்கால ஒலிம்பிக் சாம்பியன்களிலேயே மிக இளையவர் என்ற பெயர். பத்து நாள் கழித்து நடந்த 1500-இல் கனடாவின் சின்டி கிளாசன் எட்டாத தொலைவில் இருந்தார், வூஸ்டுக்கு மூன்றாமிடம். மறு ஆண்டு தியால்ஃபில் சொந்த மக்கள் முன், நான்கு தூரங்களின் கூட்டுக் கணக்கில் தரப்படும் உலக ஆல்ரவுண்ட் பட்டம், சால்ட் லேக் சிட்டியில் 1000, 1500 இரண்டிலும் உலகத் தங்கம். இருபது வயதுக்குள் எல்லாம் கைக்கு வந்துவிட்டதுபோல் இருந்தது.

பிறகுதான் முதல் பள்ளம். 2008-இல் ஆல்ரவுண்ட் உலகப் பட்டம் அவருடைய நெருங்கிய தோழி பௌலீன் ஃபான் டெய்டெகொமுக்குப் போனது. 2009, 2010 இரண்டு ஆண்டும் செக் நாட்டின் மார்ட்டினா சாப்ளிகோவாவுக்கு. சாப்ளிகோவாவின் நாட்டில் 400 மீட்டர் உள்ளரங்கத் தளம் ஒன்றுகூடக் கிடையாது. பனி தேடி நாடு நாடாக அலைந்து பழகியவர் அவர். வான்கூவரில் 3000 மீட்டரை அவரே வென்றார். நடப்புச் சாம்பியனான வூஸ்டுக்கு மேடையில் இடமில்லை. 1000 மீட்டரிலும் இல்லை. பின்னர் 1500 வந்தது. 1 நிமிடம் 56.89 விநாடி, தங்கம். கனடாவின் கிறிஸ்டினா குரோவ்ஸ் கால் விநாடி பின்னால். டுரினில் வெண்கலம் தந்த நேரத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு. அரங்கமும் பனியும் வேறு என்பதால் இரண்டு நேரங்களையும் நேருக்கு நேர் நிறுத்துவது முறையாகாது என்பது உண்மைதான். இருந்தாலும் நான்கு ஆண்டுகள் தேடி அலைந்தவர் கிட்டத்தட்ட அதே எண்ணோடு வந்து நின்று, அதுவே இந்த முறை தங்கமானது என்பதைக் கவனிக்காமல் கடந்துபோக என்னால் முடியவில்லை.

அந்தத் தங்கத்துக்குப் பிறகு வந்தவை பொற்காலம். கெரார்ட் கெம்கெர்ஸ் பயிற்சியளித்த டிவிஎம் என்ற வணிக நிறுவன அணியில் இருந்தபடி 2011, 2012, 2013, 2014 என்று தொடர்ந்து நான்கு உலக ஆல்ரவுண்ட் பட்டங்களை வென்றார். இந்தப் பட்டத்தின் கணக்கு முறை வெளியாட்களுக்கு விசித்திரமாகத் தெரியலாம். இரண்டு நாள்களில் 500, 1500, 3000, 5000 என நான்கு தூரங்கள். ஒவ்வொன்றின் நேரத்தையும் 500 மீட்டருக்கு எவ்வளவு என்று வகுத்துக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை குறைந்தவரே சாம்பியன். 500-இல் இழந்த ஒரு விநாடியை ஈடுகட்ட 5000-இல் பத்து விநாடி வேண்டும். குறுந்தூரத்தில் பலவீனமானவர் மலையைப் புரட்ட வேண்டியிருக்கும். 1500-இல் வலுவானவருக்கு நான்கு தூரமும் எட்டும் தொலைவில் இருக்கும். வூஸ்டின் ஏழு உலகப் பட்டங்களுக்கு அடித்தளம் அதுதான். எட்டுப் பட்டம் வென்ற ஜெர்மனியின் குண்டா நீமன்-ஸ்டிர்னமன் ஒருவரே இதில் அவருக்கு மேல்.

சோச்சி பற்றிப் பேசும்போது நெதர்லாந்தில் இன்றும் குரல் உயரும். ஸ்பீட் ஸ்கேட்டிங்கில் வழங்கப்பட்ட 36 பதக்கங்களில் 23 அந்த ஒரே நாட்டுக்கு. வூஸ்ட் ஐந்து போட்டிகளில் இறங்கி ஐந்திலும் பதக்கம் எடுத்தார்: 3000 மீட்டரிலும், டீம் பர்சூட் என்னும் அணிப் போட்டியிலும் தங்கம், 1000, 1500, 5000 மூன்றிலும் வெள்ளி. அந்த ஒலிம்பிக்கிலேயே வேறு எவரும் ஐந்து பதக்கம் எடுக்கவில்லை. 3000-இல் சாப்ளிகோவாவை வென்றது வான்கூவர் கணக்கைத் தீர்த்துக்கொண்டதுபோல.

வேறொரு வகையிலும் சோச்சி அவருக்குச் சாதாரணக் களமாக இருக்கவில்லை. தன்பால் ஈர்ப்பு குறித்த பிரசாரத்தைத் தடுக்கும் சட்டத்தை ரஷ்யா முந்தைய ஆண்டு கொண்டுவந்திருந்தது. தாம் இருபால் ஈர்ப்பு உள்ளவர் என்பதை வூஸ்ட் ஒருபோதும் மறைத்ததில்லை. ஆனால் அதையே தம் அடையாளமாக மற்றவர்கள் ஆக்குவதை அவர் விரும்பவில்லை. ஆண் நட்சத்திரமான ஸ்வென் கிராமரிடம் அவருடைய காதலைப் பற்றி யாரும் கேட்பதில்லையே, என்னிடம் மட்டும் ஏன் என்று பல ஆண்டுகளுக்கு முன்பே அவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. சோச்சியில் அவர் அளித்த பதில் பனியின்மேல் இருந்தது.

அந்த வெற்றிகளுக்கு நடுவே அவருக்கு உறுத்திய ஓட்டம் ஒன்று இருந்திருக்கும் என்று நான் ஊகிக்கிறேன்: 1500. சாம்பியனாக இறங்கிய அவர் 1 நிமிடம் 54.09 விநாடியில் ஓடினார். முந்தைய இரண்டு ஒலிம்பிக்குகளில் அவர் ஓடியதைவிட ஏறக்குறைய மூன்று விநாடி வேகம். அது போதவில்லை. அடிப்படையில் ஷார்ட் டிராக், அதாவது சிறிய தளத்தில் பலர் ஒன்றாக ஓடும் ஸ்கேட்டிங் வகையின் வீராங்கனையான யோரீன் டெர் மோர்ஸ் 1 நிமிடம் 53.51 விநாடியில் ஒலிம்பிக் சாதனை படைத்துத் தங்கத்தை எடுத்துக்கொண்டார். முதல் நான்கு இடமும் டச்சுப் பெண்களுக்கே. இப்படிப்பட்ட நாட்டில், ஒலிம்பிக்குக்குப் போவதே பெரும் போராட்டம். டிசம்பர் இறுதியில் தியால்ஃபில் நடக்கும் தகுதிப் போட்டியில் ஒரு நாள் தடுமாறினால், உலக சாம்பியனும் வீட்டிலிருந்து தொலைக்காட்சியில்தான் ஒலிம்பிக் பார்க்க வேண்டியிருக்கும். வீராங்கனைகள் ஒரே தேசிய அணியாகப் பயிற்சி செய்வதும் இல்லை. 1995-இல் ரிண்ட்யே ரிட்ஸ்மா தனக்கென்று விளம்பரதாரரைத் தேடிக்கொண்டு பிரிந்து போனதிலிருந்து, வணிக நிறுவனங்களின் பெயர் தாங்கிய தனித்தனி அணிகளே அங்கு வழக்கம். ஆண்டு முழுவதும் எதிரணியில் இருந்தவரோடு பிப்ரவரியில் ஒரே அணிச் சீருடை.

2015-லும் 2016-லும் ஆல்ரவுண்ட் பட்டத்தைச் சாப்ளிகோவா திரும்பப் பெற்றார். 2017-இல் நார்வேயின் ஹாமரில், கவிழ்த்துவைத்த வைக்கிங் கப்பல் போன்ற கூரை கொண்ட அரங்கத்தில், வூஸ்ட் அதை மீட்டார். பியோங்சாங்கின் முதல் போட்டி 3000 மீட்டர். 0.08 விநாடியில் தங்கம் தவறியது. வென்றவர் சக நாட்டவர் கார்லைன் ஆக்தரேக்டெ. இரண்டே நாள் கழித்து 1500. இம்முறை எதிரே புதிய பெயர்: ஜப்பானின் மிஹோ தகாகி. 2010-இல் வான்கூவரில் வூஸ்ட் தங்கம் வென்ற அதே 1500-இல், 15 வயதுச் சிறுமியாக ஓடியவர். சோச்சி அணியில் இடம்பெறத் தவறி, பின்னர் யோஹான் டெ வித் என்ற டச்சுப் பயிற்சியாளரின் கீழ் மெருகேறி வந்திருந்தார். முடிவில் இருவருக்கும் இடையே 0.20 விநாடி. அந்த வேகத்தில் அது இரண்டரை மீட்டர் சொச்சம். தங்கம் வூஸ்டுக்கு. அணிப் போட்டியில் தகாகியின் ஜப்பான் வென்று பதிலடி கொடுத்தது.

பிறகு வந்த பள்ளம் விளையாட்டைச் சேர்ந்தது மட்டும் அன்று. 2019 ஜனவரி 2 அன்று பௌலீன் ஃபான் டெய்டெகொம் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். வயது 37. முன்னர் உலகப் பட்டத்தை வூஸ்டிடமிருந்து எடுத்துக்கொண்ட தோழி. பனியை விட்டு வெளியே வந்த பின்னும் கூடவே இருந்தவர். அந்த இழப்பு வூஸ்டை உலுக்கியது. 2020 மார்ச் 1 அன்று, 33 வயதில், அதே ஹாமரில் ஏழாவது உலகப் பட்டத்தை வென்றார். முதல் பட்டத்துக்கும் ஏழாவதற்கும் நடுவே பதின்மூன்று ஆண்டுகள்.

2022 பிப்ரவரி 7, பெய்ஜிங். அதற்குள் தகாகி 1500 மீட்டரின் உலக சாதனையாளர். 2019-இல் சால்ட் லேக் சிட்டியில் 1 நிமிடம் 49.83 விநாடி ஓடி, 1 நிமிடம் 50 விநாடிக்குள் வந்த முதல் பெண் ஆனவர். டச்சு அணியிலேயே புதிய தலைமுறை வந்துவிட்டது. இரண்டு நாள் முன்பு 3000 மீட்டரை இரேன் ஸ்கௌட்டன் வென்றிருந்தார். தாம் ஓய்வு பெறப்போவதை வூஸ்ட் முன்பே அறிவித்துவிட்டார். அந்த நிலையில் அவர் ஓடியது 1 நிமிடம் 53.28 விநாடி. சராசரி வேகம் மணிக்கு 47 கிலோமீட்டருக்கும் மேல். தகாகி 0.44 விநாடி பின்தங்கி மீண்டும் வெள்ளி; அன்டோனெட் டெ யோங் வெண்கலம். எட்டு ஆண்டுகளுக்கு முன் டெர் மோர்ஸ் தம்மிடமிருந்து தங்கத்தை எடுத்துக்கொண்டபோது பதித்த ஒலிம்பிக் சாதனையை வூஸ்ட் அன்று முறியடித்தார். ஐந்து வெவ்வேறு ஒலிம்பிக்குகளில் தனிநபர் தங்கம் வென்றவர், கோடைக்கால ஒலிம்பிக்கையும் சேர்த்துக்கொண்டால்கூட, அதற்கு முன் ஒருவரும் இல்லை. வட்டு எறிதலின் அல் ஓர்ட்டர், நீளம் தாண்டுதலின் கார்ல் லூயிஸ், நீச்சலின் மைக்கேல் ஃபெல்ப்ஸ் எல்லாரும் நான்கில் நின்றவர்கள். 2024-இல் பாரிஸில் கியூபாவின் மல்யுத்த வீரர் மிஹாயின் லோபஸ் தமது ஐந்தாவது தங்கத்தோடு அந்த வரிசையில் சேர்ந்தார்.

இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். பலர் இதைக் குறையாகச் சொல்வார்கள். 1000, 1500, 3000, 5000 ஆகிய எந்தத் தூரத்திலும் தனிநபர் உலக சாதனை ஒருபோதும் வூஸ்டின் பெயரில் இருந்ததில்லை. ஸ்பீட் ஸ்கேட்டிங்கில் உலக சாதனைகள் பெரும்பாலும் சால்ட் லேக் சிட்டியிலும் கால்கரியிலும் பிறப்பவை. முதலாவது கடல்மட்டத்திலிருந்து 1400 மீட்டருக்கும் மேல், இரண்டாவது 1000 மீட்டருக்கும் மேல். காற்று அங்கே மெல்லியது, எதிர்ப்பு குறைவு, கடிகாரம் கருணையோடு இருக்கும். டுரின், வான்கூவர், சோச்சி, பியோங்சாங், பெய்ஜிங் ஐந்துமே தாழ்ந்த இடத்து அரங்கங்கள். கனத்த காற்றில், தேதி முன்கூட்டியே குறிக்கப்பட்ட ஒரு நாளில், அன்று வந்திருக்கும் அத்தனை பேரையும் வெல்வது வேறு திறமை. அந்தத் திறமையில் அவருக்கு இணையாக இன்னொருவரை என்னால் சொல்ல முடியவில்லை. 1960-லும் 1964-லும் ஆறு தங்கம் வென்ற சோவியத் வீராங்கனை லிடியா ஸ்கோப்ளிகோவாவை மறக்கக் கூடாது. தங்கக் கணக்கில் இருவரும் சமம். ஆனால் அவருடைய ஆறும் நான்காண்டு இடைவெளிக்குள் வந்தவை. வூஸ்டின் ஆறு வர பதினாறு ஆண்டுகள் ஆயின. அதனால் அவர் மூன்று தலைமுறை எதிராளிகளைச் சந்திக்க வேண்டியிருந்தது. கிளாசன், குரோவ்ஸ் ஓய்ந்தார்கள், சாப்ளிகோவா வந்தார், தகாகி வளர்ந்தார். அவர் இருந்தார்.

பெய்ஜிங்கில் அணிப் போட்டியின் வெண்கலத்தோடு பதின்மூன்றாவது பதக்கமும் வந்தது. அடுத்த மாதம், 2022 மார்ச்சில், உலகக் கோப்பையின் இறுதிச் சுற்று ஹேரன்வேனில் நடந்தது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் முதல் உலகப் பட்டத்தை வென்ற அதே தியால்ஃபில், ஆரஞ்சுக் கூட்டத்தின் நடுவே, இரேன் வூஸ்ட் கடைசி முறையாக ஸ்கேட்டுகளை மாட்டினார். 36 வயது நிறைய இன்னும் சில வாரங்கள் இருந்தன.